அழிந்த படமும் அழியாத கடிதமும்

புகைப்படத்திற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சாட்சியங்களில் ஒன்று, ஒரு தம்பி அண்ணனுக்கு எழுதிய கடிதம். சரித்திர ஆசிரியர்கள் இதை ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

1816 மே மாதம். பிரான்ஸில் ஷாலோன் நகருக்கு அருகிலுள்ள கிராமத்து வீட்டிலிருந்து நிசெஃபோர் நியெப்ஸ், பாரிஸிலிருந்த அண்ணன் க்ளோதுக்கு எழுதுகிறார். சகோதரர்கள் சேர்ந்து உருவாக்கி, 1807இல் காப்புரிமை பெற்ற ஒரு எஞ்சினுக்கு ஆதரவு தேடி ஊரை விட்டுப் போயிருந்தவர் க்ளோத். தம்பி சொல்லும் விஷயம் வேறு. மகன் இஸிதோரின் மோதிரப் பெட்டியைக் காமிராவாக்கி, தாத்தாவின் சூரிய மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்த லென்ஸை அதில் பொருத்தியிருக்கிறார். தாத்தாவின் கண், பேரனுக்குப் பிள்ளையானவனின் பெட்டி. உள்ளே வெள்ளி உப்பு பூசிய காகிதம். ஜன்னலுக்கு எதிரே இருந்த பறவைக் கூண்டு அதில் விழுந்தது. ஆனால் பின்னணி கறுப்பாகவும் பொருள்கள் வெளுப்பாகவும் இருந்தன. 'நெகடிவ்' என்ற சொல் அப்போது கிடையாது. அந்த அனுபவத்தைத் தன் சொற்களிலேயே வர்ணிக்க வேண்டியிருந்தது.

அம்மாதக் கடிதங்களோடு சில படங்களையும் அனுப்பினார். பிம்பத்தை நிலைநிறுத்தும் வழி அவருக்குத் தெரியாததால் அவை மறைந்துவிட்டன. கடிதங்கள் இருக்கின்றன.

இன்று நம்மிடம் மிஞ்சியுள்ள ஜன்னல் காட்சித் தகடு, ஏறக்குறைய 1827ஐச் சேர்ந்தது. இங்கிலாந்தில் நோயுற்றிருந்த க்ளோதைப் பார்க்க 1827இல் சென்ற நிசெஃபோர் அதை அங்கேயே விட்டுவந்தார். 1952இல் ஹெல்முட் கெர்ன்ஷைம் அதைத் தேடிக் கண்டெடுத்தார். க்ளோத் 1828இல் சித்தம் கலங்கிய நிலையில் இறந்தார்.

கடிதங்களைக் காப்பாற்றியது பாசம் மட்டும்தானா? 1829இல் தாகேருடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்ட நிசெஃபோர் 1833இல் இறந்தார். 1839இல் உலகம் கொண்டாடிய முறைக்குத் தாகேரின் பெயர் மட்டுமே இருந்தது. அவருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், இஸிதோருக்கு 4,000. இஸிதோர் 1841இல் தந்தையின் உரிமையை நிலைநாட்ட ஒரு நூல் எழுதினார். குடும்பக் கடிதங்கள் வழக்கின் ஆவணங்களாயின. ஒரு பகுதி ரஷ்ய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஹாமெல் கைக்குப் போய், 1949இல் லெனின்கிராடில் அச்சாயிற்று. 2003இல் பிரான்ஸில் முழுத் தொகுப்பு வந்தது. குடும்பத்தின் தொழிலும் நிற்கவில்லை. பங்காளி வழி வந்த ஏபெல் 1847இல் கண்ணாடியில் அல்புமென் நெகடிவை அறிமுகப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டில் அதே வம்சத்தின் ஜனின் நியெப்ஸும் புகைப்படக்காரர்.

மனக்குறை இல்லாதிருந்தால் இந்தக் காகிதங்களில் பல அடுப்புக்குப் போயிருக்கும் என்பது என் அபிப்ராயம். அதற்காக நன்றி சொல்லலாம். ஆனால் இஸிதோரின் கண்களாலேயே இன்றும் அவற்றைப் படிப்பது நமக்கு அவசியமில்லை. யார் முந்தி என்ற தர்க்கத்தில் இறங்கியவர்கள் தேதிகளைப் பொறுக்கிக்கொண்டு, வாக்கியங்களைப் போட்டுவிடுகிறார்கள். அந்த வாக்கியங்களில்தான், இதுவரை யாரும் பார்த்திராத ஒன்றை எதிரில் இல்லாத அண்ணனுக்குக் காட்டிவிட ஒரு மனிதர் பாடுபடுகிறார். உறையில் வைத்த படம் மங்கிக்கொண்டே போகும் என்பது அவருக்குத் தெரியும். சொல்லைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

புகைப்படம் வந்ததும் வர்ணனையின் வேலை முடிந்தது என்று பேசுகிறவர்கள், இந்தக் கடிதங்களை ஒருமுறை தேதி பார்க்காமல் படிக்க வேண்டும்.