இரண்டு ஏ.பி.ஐ.கள்

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் காலமானார். 'ஞானபானு' என்ற மாத இதழை நடத்திய பத்திரிகையாளர் அவர். இன்று தருமபுரி மாவட்டத்தில் உள்ள அந்த ஊர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அத்தகைய ஓர் ஊரில் நடந்ததைச் சென்னைக்காரரும் பம்பாய்க்காரரும் மறுநாள் படிக்க வேண்டுமானால் அந்நாளில் என்ன வழி இருந்தது? சற்று யோசித்துப் பாருங்கள்.

தந்திதான் வழி. தந்திக்கோ சொல் கணக்கில் கட்டணம். ஒவ்வொரு பத்திரிகையும் ஊருக்கு ஊர் நிருபர் வைத்துத் தந்திக்கும் பணம் கட்டினால் கட்டுப்படியாகுமா? ஒருவர் செய்தியைத் திரட்டிப் பலருக்கு விற்றால் செலவு பங்காகிவிடும். ஜூலியஸ் ராய்ட்டர் 1851இல் லண்டனில் தொடங்கிய தொழில் இதுவே. அதற்கு முந்தைய ஆண்டு, தந்திக் கம்பி இல்லாத ஆகென்–பிரஸ்ஸல்ஸ் இடைவெளியில் அவர் புறாக்களைப் பறக்கவிட்டுச் செய்தி அனுப்பினார். நம் நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கே.சி. ராய் என்பவர் 'அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா'வை நிறுவினார். அதன் சுருக்கப் பெயர் ஏ.பி.ஐ. பின்னாளில் அது ராய்ட்டரின் கைக்குப் போயிற்று.

இன்று கணிப்பொறி படிக்கும் மாணவரிடம் ஏ.பி.ஐ. என்றால் வேறொன்றைச் சொல்வார். ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்குவதற்கான ஒப்பந்த முறை அது. பெயர் ஒன்றானது தற்செயல். ஆனால் செய்தி விஷயத்தில் இரண்டும் செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றே!

எப்படி என்கிறீர்களா? செய்தி நிறுவனத்தின் தாளில் ஊர், தேதி, நிறுவனத்தின் பெயர், பிறகு முக்கியமான விஷயம் என்று ஒரு வரிசை உண்டு. இடம் போதாத பத்திரிகை அடியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். இந்த ஒழுங்கு இருந்ததால்தான் ஒரே செய்தி நூறு பத்திரிகைகளுக்குப் பொருந்தியது. லண்டனின் 'கார்டியன்' நாளிதழ் 2009இல் தன் செய்திக் களஞ்சியத்தை மென்பொருளாளர்களுக்குத் திறந்தபோதும் இதே ஒழுங்கைத்தான் காண்கிறோம். நீங்கள் பதிவு செய்துகொண்டால் ஒரு 'சாவி' தருவார்கள். நீண்ட எழுத்துத் தொடர் அது. தேடுசொல்லையும் சாவியையும் இணைய முகவரியில் சேர்த்து அனுப்பினால், தலைப்பு, வெளியான நேரம், பிரிவு, முகவரி என்று பெயரிட்ட கட்டங்களில் பதில் வரும். நீங்கள் வேறு எண்ணிக்கை சொல்லாவிட்டால் ஒரு முறைக்குப் பத்துச் செய்திகள். சாவி தவறானால் 401 என்ற எண்ணும், அளவுக்கு மீறிக் கேட்டால் 429 என்ற எண்ணும் திரும்பி வருவது இணையத்தின் பொது வழக்கம். சாவியைப் பிறர் பார்க்கும் நிரலில் எழுதிவைக்காதீர்கள். உங்கள் கணக்கில் வேறொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

சரி, 'பாப்பாரப்பட்டி' என்று ஒரு செய்திக் களஞ்சியத்தில் தேடுவோம். இங்கேதான் சிக்கல். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் இரண்டு 'பி' போடுவார், ஒருவர் ஒன்று போடுவார். பொறிக்கு அவை வெவ்வேறு ஊர்கள். போதாததற்கு, அதே மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டியும் இருக்கிறது! ஆகவே எல்லா எழுத்துமுறைகளிலும் கேட்டு, வந்தவற்றைக் கண்ணால் சரிபார்ப்பதே நல்லது.

இந்தத் தொல்லை புதிதன்று. தந்தியில் வந்த செய்தி ஆங்கிலச் செய்தி. 1904இல் 'சுதேசமித்திர'னில் சேர்ந்த பாரதியாருக்கு அங்கே வாய்த்த வேலை ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது. யூனிகோடு 1991இல் தமிழுக்கு இடம் தந்த பிறகும், பல ஆண்டுகள் ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியீட்டையே வைத்திருந்தது. ஒன்றின் செய்தி மற்றொன்றின் திரையில் கிறுக்கலாகத் தெரிந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1947 ஆகஸ்டு 27 அன்று சென்னையில் பதிவாயிற்று. 1949இல் பழைய ஏ.பி.ஐ.யின் பணியை ஏற்றது. நெருக்கடி நிலையின்போது, 1976இல், அதையும் வேறு மூன்று நிறுவனங்களையும் சேர்த்து 'சமாச்சார்' என்று ஒன்றாக்கினார்கள். 1978இல்தான் அவை மீண்டும் பிரிந்தன. ஊற்று ஒன்றாகும்போது, அதன் வாயில் கைவைப்பவருக்கு வேலை எளிது. இணையச் சாவியும் கொடுத்தவர் நினைத்தால் செல்லாததாகிவிடும். செய்திச் செயலி எழுதப்போகிறவர் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று ஊற்றுகளிலிருந்து வாங்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அவற்றில் ஒன்றாவது தமிழில் எழுதுவதாக இருக்கட்டும்.