படமும் சட்டமும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய கல்யாணப் போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. ஓரத்தில் நிற்கும் சிறுவனின் தோளில் ஒரு கை இருக்கும். கைக்கு உடையவரைக் காணோம். அது என் பெரியப்பாவின் கை. சட்டம் போடக் கொடுத்த கடையில், கைவசம் இருந்த சட்டம் சிறியதாக இருந்ததாம். சட்டத்தை மாற்றுவதைவிடப் பெரியப்பாவை வெட்டுவது சுலபம் என்று கடைக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. பெரியப்பா அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார். கூடத்துக்கு வரும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

சினிமாவின் சரித்திரத்தில் இந்தக் கடைக்காரர் நாற்பது வருஷத்துக்குக் குறையாமல் ராஜ்யம் செய்திருக்கிறார். அந்தக் கதை கொஞ்சம் விசித்திரமானது.

1890-களின் தொடக்கத்தில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த டிக்ஸன் என்பவர், 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமில் ஒரு படத்துக்கு நாலு துளைகள் என்று கணக்கு வைத்தார். அதனால் படம் ஏறக்குறைய ஓர் அங்குல அகலமும் முக்கால் அங்குல உயரமும் உள்ளதாக அமைந்தது. நாலு பங்கு அகலத்துக்கு மூன்று பங்கு உயரம். இந்த ஏற்பாட்டையே உலகம் ஏற்றுக்கொண்டது. பேசும் படம் வந்தபோது ஒலிப் பட்டை பிலிமின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்ளவே, 1932-ல் ஹாலிவுட் அகாடமி 1.37-க்கு 1 என்று திட்டம் செய்தது. பழைய வடிவத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1930-ல், ஹாலிவுட்டுக்கு வந்திருந்த ரஷ்ய டைரக்டர் ஐஸன்ஸ்டைன், திரை சதுரமாக இருக்கவேண்டும் என்று ஒரு பிரசங்கம் செய்தார். சதுரத்துக்குள் நெட்டையாகவும் வைக்கலாம், குட்டையாகவும் வைக்கலாம். படத்துக்குத் தகுந்தபடி வடிவம் அமையட்டும் என்பது அவர் வாதம். சபையில் கேட்டுக்கொண்டார்கள், கொட்டகைகளில் யாரும் அதைக் கேட்கவில்லை.

1941-ல் அமெரிக்கர்கள் டெலிவிஷனுக்கு இலக்கணம் வகுத்தபோது சினிமாவின் நாலுக்கு மூன்றையே எடுத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்து டெலிவிஷன் வீடுதோறும் புகுந்தது. தியேட்டர்களில் கூட்டம் குறைந்தது. வீட்டில் இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்துப் பார்க்க எவன் வருவான்? வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டியாக வேண்டும் என்று முதலாளிகள் யோசித்தார்கள்.

1952 செப்டம்பரில் நியூயார்க்கில் சினிராமா வந்தது. மூன்று இயந்திரங்கள் சேர்ந்து வளைந்த பெருந்திரையில் படம் வீசின. அடுத்த ஆண்டு செப்டம்பரில் 'தி ரோப்' என்ற படத்துடன் சினிமாஸ்கோப் வந்தது. இதன் சூட்சுமம் லென்ஸில் இருந்தது. ஆன்ரி கிரெத்தியென் என்ற பிரெஞ்சுக்காரர் 1920-களிலேயே கண்டுபிடித்து வைத்திருந்த லென்ஸ் அது. படம் பிடிக்கும்போது காட்சியை அகலவாட்டில் பாதியாக நெருக்கிவிடும். பிலிமில் பார்த்தால் மனிதர்கள் எல்லோரும் மூங்கில் கழிபோல் தெரிவார்கள். திரையில் காட்டும்போது இன்னொரு லென்ஸ் அவர்களை மறுபடி விரித்துவிடும். உயரத்தைப்போல் 2.55 மடங்கு அகலம்! டெலிவிஷன் பெட்டிக்குள் அடங்காதிருப்பதே அதன் பெருமை. நம் நாட்டில் 1959-ல் குருதத்தின் 'காகஸ் கே பூல்' இம்முறையில் வந்தது. தமிழுக்கு 1973-ல் 'ராஜராஜ சோழன்' மூலம் வந்து சேர்ந்தது.

பெட்டிக்கு அடங்கக்கூடாது என்று எடுத்த படங்களை முதலாளிகள் பிறகு பெட்டிக்காரர்களிடமே விற்றார்கள். 1961 செப்டம்பர் 23-ஆம் தேதி, என்.பி.சி. நிறுவனம் சனிக்கிழமை இரவுகளில் சினிமா காட்டத் தொடங்கியது. முதல் படம் 'ஹௌ டு மேரி எ மில்லியனர்'. 1953-ல் வெளிவந்த சினிமாஸ்கோப் படம். மர்லின் மன்றோ, பெட்டி கிரேபிள், லாரன் பக்கால் என்று மூன்று கதாநாயகிகள். 2.55 அகலத்தை 1.33-க்குள் நுழைத்தால் பாதிக்குச் சற்றே மிகுந்துதான் நிற்கும். மூவரும் வரிசையாக நின்றால் பெட்டிக்குள் ஒன்றரைப் பேருக்குத்தான் கணக்கு வரும்.

மீதியை என்ன செய்வது? அதற்காக ஒரு தொழிலே பிறந்தது. ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சியிலும் எந்தப் பாதி வேண்டும், எந்தப் பாதி வேண்டாம் என்று தீர்மானிப்பார். இரு ஓரங்களில் இருவர் பேசினால், பேசுகிறவரை வைத்துக் கேட்கிறவரைத் தள்ளுவார்; அல்லது இவரிடமிருந்து அவரிடம் தாவுவார்; அல்லது மெல்ல நகர்த்துவார். டைரக்டர் வெட்டாத இடத்தில் வெட்டு விழும். காமிரா அசையாத இடத்தில் அசைவு வரும். ஆனால் நாடகம் பல சமயங்களில் கேட்கிறவர் முகத்தில் அல்லவா நடக்கிறது!

மாற்று வழி இருந்தது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு, படத்தை முழு அகலத்துக்கும் காட்டிவிடலாம். 'மான்ஹாட்டன்' (1979) படத்தை வீட்டில் காட்டினாலும் முழு அகலத்துக்குத்தான் காட்டவேண்டும் என்று வூடி ஆலன் பிடிவாதமாக நின்றார். 1984-ல் தொடங்கிய கிரைட்டீரியன் நிறுவனம் தன் லேசர் தட்டுகளில் இம்முறையைப் பழக்கப்படுத்தியது. ஆனால் ஜனங்கள், "பாதிப் படத்தை மறைத்துவிட்டார்களே!" என்று குறைப்பட்டார்கள். அவர்களை எளிதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 14 அங்குலப் பெட்டியில் அகலப்படத்தை முழுதாகக் காட்டினால் உயரம் ஐந்து அங்குலம்கூட வராது. அதில் முகங்கள் கடுகாகத் தெரியும். இருந்தாலும் கடுகாகத் தெரிவது வேறு, இல்லாமற்போவது வேறு. சிறியதாக இருக்கிறது என்பது பார்க்கிறவனுக்குத் தெரியும். வெட்டியதோ தெரியவே தெரியாது.

டைரக்டர் சிட்னி போலக் இதற்காகக் கோர்ட்டுக்கே போனார். அவருடைய 'த்ரீ டேஸ் ஆப் த காண்டோர்' (1975) படத்தை 1991-ல் டென்மார்க் டெலிவிஷன் இப்படி வெட்டிக் காட்டியது. இது படைப்பைச் சிதைப்பதுதான், படைத்தவரின் தார்மிக உரிமைக்கு விரோதம்தான் என்று 1997-ல் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஆயினும் ஏதோ சட்ட நுணுக்கத்தால் தீர்ப்பு மட்டும் எதிர்த் தரப்புக்குப் போயிற்று.

பிறகு பெட்டியே அகன்றது. 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற எஞ்சினீயர், வழக்கிலுள்ள எல்லா வடிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்து, யாருக்கும் பெரிய நஷ்டம் வராத நடுவழியாக 16-க்கு 9 என்பதைச் சொன்னார். இன்று நம் வீடுகளில் இருப்பது அதுதான். இனியாவது வம்பு தீரும் என்று நினைத்தால், கத்தி மறு திசையில் திரும்பியது. நாலுக்கு மூன்றில் எடுத்த பழைய டெலிவிஷன் படங்களின் தலையையும் காலையும் வெட்டிப் புதுப் பெட்டியை நிரப்பத் தொடங்கினார்கள். 2019 நவம்பரில் டிஸ்னியின் புதிய இணையச் சேவையில் 'த சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் தொடரின் பழைய பகுதிகள் அப்படித்தான் வந்தன. அதில் ஒரு பீர்த் தொழிற்சாலைக் காட்சி. மூன்று பெயர்களில் மூன்று தொட்டிகள். மூன்றுக்கும் சரக்கு மேலேயுள்ள ஒரே குழாயிலிருந்து வருகிறது. அதுதான் ஹாஸ்யம். வெட்டில் குழாய் போய்விட்டது. மூன்று தொட்டிகள் மட்டும் மிஞ்சின. சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ரசிகர்கள் போட்ட கூச்சலில் 2020 மே மாதம் பழைய வடிவத்தையும் கொடுத்துவிட்டார்கள்.

சினிமாவுக்கு ஒரு பாக்கியம் உண்டு. டெலிவிஷனுக்காக வெட்டியது பிரதியைத்தான். மூலம் பெட்டகத்தில் இருந்தால் என்றைக்காவது முழுப் படத்தையும் திரும்பக் கொண்டுவரலாம். எங்கள் போட்டோவுக்கு நெகடிவ் கிடையாது. அதனால், இரவில் பழைய படம் ஏதாவது ஓடும்போது ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் எனக்கு இப்போது எரிச்சல் வருவதில்லை. இந்தப் படத்தில் யாரையும் வெட்டவில்லை என்று எண்ணிக்கொள்கிறேன். பக்கத்துச் சுவரில் பெரியப்பாவின் கை மட்டும் அந்தப் பையனின் தோளில் இருக்கிறது. பையன் நான்தான்.