போர்வையும் சட்டையும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த செய்தியைத் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். குளிரால் நடுங்குகிறது என்று எண்ணி, ஒரு காட்டு மயிலின்மேல் தன் போர்வையைப் போர்த்தினான் அம்மன்னன். அவனது கொடைமடத்தைப் புலவர்கள் போற்றினர். அச்செய்திக்குள் உடையைப் பற்றிய ஓர் உண்மையும் அடங்கியிருக்கிறது. பேகன் சட்டை ஒன்றை மட்டும் அணிந்திருந்தால், அதனை மயிலுக்குப் போர்த்தியிருக்க இயலாது. போர்வை எவ்வுடலுக்கும் பொருந்தும். சட்டையோ ஒருவருடைய தோளையும் மார்பையும் கையையும் அளந்து, துணியை வெட்டித் தைத்து ஆக்கப்படுவது.

மேலைநாட்டு மரபிலும் இதனையொத்த செய்தி உண்டு. கி.பி. நான்காம் நூற்றாண்டில் உரோமப் படைவீரராக இருந்த மார்ட்டின் என்பார், குளிரில் வாடிய இரவலன் ஒருவனைக் கண்டு, தம் போர்வையை வாளால் இரண்டாக வெட்டி ஒரு பாதியை அளித்தார் என்று கிறித்துவ மரபு கூறும். பாதிப் போர்வையும் போர்வையே; பாதிச் சட்டை சட்டையாகாது.

இவ்வேறுபாடு தையற்கலையோடு முடிந்துவிடுவதன்று. போர்வையோ, மேலாடையோ, துண்டோ, தோளின்மேல் தங்கியிருப்பது. நினைத்தபோது அதனைச் சரிக்கலாம், எடுத்து இடுப்பில் கட்டலாம், அக்குளில் இடுக்கிக்கொள்ளலாம். ஆகவே பணிவைக் காட்டுதற்கும், பிறரிடமிருந்து பணிவைக் கேட்டுப் பெறுதற்கும் அது ஏற்ற கருவியாயிற்று. கைகளை நுழைத்து அணிந்த சட்டையை அவ்வாறு நொடிப்பொழுதில் இறக்க முடியாது. மனிதன் மனிதனை மதிக்க மறுத்த வரலாற்றில் இவ்வேறுபாடு பெரும்பங்கு வகித்திருக்கிறது.

தைத்த உடை தமிழர்க்குப் புதியதன்று. பாசறையில் காவல் புரிந்த யவனரின் சட்டையை முல்லைப்பாட்டு ‘மெய்ப்பை’ என்று குறிக்கிறது. மெய்யை உள்ளடக்கும் பை என்பது எத்துணைப் பொருத்தமான பெயர்! சிலப்பதிகாரத்தில் கஞ்சுகம் அணிந்த அரசப் பணியாளர் வருகின்றனர். எனினும், இவ்விடங்களில் தைத்த உடை அயல்நாட்டார்க்கும் ஏவலர்க்கும் உரியதாகவே காணப்படுகிறது. பொதுமக்களுக்கு இடையில் ஓர் ஆடையும், வாய்த்தால் தோளில் ஓர் ஆடையுமே உரியனவாயின. அத்தோளாடையை யார் அணியலாம், யார்முன் அணியலாம் என்ற கேள்வியே பின்னாளில் பெரும் போராட்டமாக வெடித்தது.

அப்போராட்டம் நிகழ்ந்த இடம் தென் திருவிதாங்கூர். இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள பகுதி அதன்கண் அடங்கும். நாடார், ஈழவர் முதலிய சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் மேலாடை அணிதல் அங்கே தடுக்கப்பட்டிருந்தது. தோளின்மேல் இடும் சீலை உயர்சாதிப் பெண்களுக்கே உரிய அடையாளமாகக் கருதப்பட்டது. கர்னல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் திவானாக இருந்தபோது, கிறித்துவம் தழுவிய நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள 1814-ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. ஆனால் ஆணை அனுமதித்தது தோள்சீலையை அன்று. சிரியன் கிறித்துவப் பெண்கள் அணிந்த ‘குப்பாயம்’ என்னும் தைத்த சட்டையையே ஆகும். நாகர்கோவிலில் பணியாற்றிய இலண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரிமாரின் துணைவியர் கைகள் குட்டையான தளர்ந்த சட்டை ஒன்றைத் தைத்துப் பழக்கினர்.

அப்பெண்கள் அத்துடன் அமைதியடையவில்லை. குப்பாயத்தின்மேல் தோள்சீலையையும் அணிந்து வெளியே வந்தனர். 1820-களில் அவர்கள் தெருவிலும் சந்தையிலும் தாக்கப்பட்டனர், சீலைகள் கிழிக்கப்பட்டன, பள்ளிகளும் ஆலயங்களும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரியில் வெளிவந்த அரசாணை, குப்பாயம் அணியலாம், தோள்சீலை கூடாது என்று மீண்டும் வரையறுத்தது. 1858-ஆம் ஆண்டின் இறுதியில் கலகம் மறுபடியும் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்தவே, 1859 ஜூலை 26-இல் புதிய அறிக்கை வெளியாயிற்று. நாடார் பெண்கள் எச்சமயத்தவராயினும் சட்டை அணியலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அணிதல் கூடாது என்றது அவ்வறிக்கை.

இவ்வாணைகளை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். மானம் காப்பது மட்டுமே நோக்கமாயின், கைவைத்துத் தைத்த குப்பாயம் தோள்சீலையைவிட நன்றாகவே உடலை மறைக்கும். அரசு அதனை எளிதில் விட்டுக்கொடுத்தது. ஒரு முழத் துணியாகிய சீலையை விட்டுக்கொடுக்க மறுத்தது. காரணம் வெளிப்படை. குப்பாயம் வேற்றார் உடை. ஊரின் ஏணிப்படிகளில் அதற்கு இடமில்லை. சீலையோ அவ்வேணியின் மேற்படி. அப்பெண்கள் கேட்டது உடலை மூடும் துணியை மட்டுமன்று. பிறரோடு நிகராக நிற்கும் உரிமையை. நிகருரிமை கேட்டவர்க்குச் சட்டை கொடுக்கப்பட்டது.

தானே தேர்ந்து அணிவதற்கும் பிறர் வகுத்தபடி அணிவதற்கும் உள்ள வேறுபாட்டை மற்றொரு நிகழ்ச்சியும் விளக்கும். வழக்கறிஞராகக் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்திருந்த காந்தியடிகள், 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் சட்டையையும் குல்லாயையும் துறந்து, ஏழைகளைப் போல அரையாடை புனைந்தார். குளிருக்குப் போர்வை ஒன்றே போதும் என்று கொண்டார். 1931-இல் இலண்டனில் அரண்மனை விருந்துக்கும் அவ்வண்ணமே சென்றார். ஒருவர் சட்டையை மறுத்து உயர்ந்ததும், ஒரு சமூகம் சட்டையோடு சீலையையும் கேட்டுப் போராடியதும் முரண் அல்ல. இரண்டிலும் முடிவு அணிபவருடையதாக இருந்தது.

தென்னாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த தமிழரோடு உடை காட்டும் ஏற்றத்தாழ்வும் கப்பலேறியது. பழைய நிழற்படங்களில் கங்காணி வேட்டியின்மேல் கோட்டும் தலையில் பாகையும் அணிந்து நிற்பதைக் காணலாம். சிடாம் கிரி, பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்துக் கித்தாத் தோட்டங்களில் பால்வெட்டும் தொழிலாளர் அணிந்த நீண்ட கைச்சட்டை வேறு வகையினது. கொசுக்கடிக்கும் பால்கறைக்கும் உடலைக் காக்க அணிந்த பழஞ்சட்டை அது. கோட்டு அதிகாரத்தையும், கறைபடிந்த சட்டை உழைப்பையும் காட்டின.

1941-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு வேறொரு கோரிக்கையையும் முன்வைத்தனர். துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. மேலோர் முன் தோள்துண்டை இறக்குவதும் வண்டியிலிருந்து இறங்குவதும் ஒரே பணிவின் இரு வடிவங்கள் அல்லவா?

அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் துணிப்பஞ்சம் தலைவிரித்தாடியது. சாக்கையே உடுத்தும் நிலை தொழிலாளர்க்கு நேர்ந்தது. அந்த வறுமைக்கு நடுவே, 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டப் பெண்கள் பலர் சேர்ந்தனர். சேலையன்றி வேறு உடை அறியாதவர்கள், காற்சட்டையும் படைச்சட்டையும் அணிந்து துப்பாக்கி ஏந்தினர். அச்சட்டையை எந்த அரசாணையும் அவர்கள்மேல் சுமத்தவில்லை. போர் முடிந்து அச்சீருடைகள் களையப்பட்டன. உள்ளத்தில் ஏறிய நிமிர்வு களையப்படவில்லை. 1946-இல் பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்தும் தொழிலாளரின் மதிப்பைக் காக்கவும் அணிதிரண்டது அந்நிமிர்வின் தொடர்ச்சியே எனலாம்.

பேகனின் கொடையை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றையும் உடன் எடுத்துரைப்பது நலம். மயில் போர்வையைக் கேட்கவில்லை. வேண்டும் என்றோ வேண்டா என்றோ சொல்ல அதற்கு வாயில்லை. கொடுத்தவனின் அருளே அங்கே பாடுபொருள். நாகர்கோவில் பெண்களுக்கு வாய் இருந்தது. எது வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு, கொடுக்க மறுத்ததையும் அதன்மேல் அணிந்து தெருவில் நடந்தார்கள்.