நிறைமனமும் பிறர் நிலமும்: நெய்வேலி தரும் படிப்பினை

1930களின் நடுவில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் பாசனத்துக்காகக் கிணறு இறக்கினார். நீரோடு கரிய துகள்களும் சேர்ந்து வந்தன. நீர் தேடியவருக்கு அது இடையூறுதான். ஆயினும் அவர் அதை அரசின் பார்வைக்குக் கொண்டுசென்றார். பின்னாளில் தமக்குரிய 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் அத்திட்டத்துக்கு வழங்கினார்.

அக்காலச் சென்னை மாகாணத்தில் நிலக்கரி கிடையாது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலிலும் கப்பலிலும் அது வந்தது. 1943 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இப்பகுதியில் துளையிட்டு ஆராய்ந்தது. 1951ஆம் ஆண்டளவில், மண்ணுக்கடியில் ஏறத்தாழ 200 கோடி டன் பழுப்பு நிலக்கரி இருப்பதாகக் கணிக்கப்பட்டது.

ஆனால் அதை எடுக்க முடியுமா என்பதில் ஐயம் இருந்தது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்துடன் நிலத்தடி நீர் அடைபட்டுக் கிடந்தது. மேலிருக்கும் மண்ணை அகற்றினால் அந்நீர் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். கைவிடுவதற்குப் போதுமான காரணம் இது. பொறியாளர்களோ 1953இல் சோதனைச் சுரங்கம் ஒன்றைத் தோண்டினர். சுற்றிலும் குழாய்க் கிணறுகள் அமைத்து, இடைவிடாமல் நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைக்க இயலும் என்று காட்டினர். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் உருவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே மின்சாரம் பிறந்தது.

இடையில் மற்றொரு சோதனையும் வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மென்மையான மண்ணுக்குப் பழகியவை. இங்குள்ள கடலூர் மணற்கல்லில் அவற்றின் பற்கள் விரைவில் தேய்ந்து மழுங்கின. இந்நிலத்துக்கு ஏற்றவாறு பற்களை மாற்றியமைத்த பின்னரே வேலை சீரானது. இத்தகைய சிக்கலை மேலதிகாரி தனியொருவராகத் தீர்த்துவிட முடியாது. எந்தப் பல் எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்பதை முதலில் அறிபவர் இயந்திரத்தை இயக்குபவர். அதைக் கழற்றி மாட்டுபவர் அடுத்தவர். அவர்கள் அறிந்ததைச் சொல்ல அஞ்சாத இடத்தில்தான் தீர்வு பிறக்கும். பிறருடைய அறிவு வளர்ந்தால் தன் மதிப்புக் குறையும் என எண்ணும் தலைவர், குழுவில் உள்ள செல்வத்தைத் தாமே புதைத்துவிடுகிறார்.

தடையாகக் கருதப்பட்ட நீரும் வீணாகவில்லை. அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் அது பயன்பட்டது. மிஞ்சியது, ஆற்காட்டு நவாபின் பட்டப்பெயரைத் தாங்கி நிற்கும் வாலாஜா ஏரிக்குச் சென்று வயல்களுக்குப் பாய்ந்தது.

இதுவரை சொன்னது நிறைமனத்தின் வெற்றி. இங்கேயே முடித்தால் வரலாறு பாதியில் நின்றுவிடும்.

இவ்விடத்தில் மதீனாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கி.பி. 622இல் மக்காவிலிருந்து முஹாஜிர்கள் வெறுங்கையுடன் வந்தனர். மதீனாவும் செல்வம் கொழித்த ஊரன்று. ஆயினும் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தரமுன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ பரக்கத்துக்காக துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். கொடுத்தவரிடம் அச்சமில்லை, பெற வந்தவரிடம் ஆசையில்லை.

அன்சாரிகள் தங்கள் பேரீச்சந்தோப்புகளையே பிரித்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்களை வேண்டினர். நபியவர்கள் அதை ஏற்கவில்லை. தோப்பு உரியவரிடமே இருக்கட்டும், முஹாஜிர்கள் உழைக்கட்டும், விளைச்சலை இரு சாராரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று ஏற்பாடாயிற்று. கைபர் வெற்றிக்குப் பின் வசதி வந்தபோது, அன்பளிப்பாகப் பெற்றிருந்த மரங்களையும் முஹாஜிர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். மனமுவந்து கொடுப்பவரிடமிருந்தும் அளவோடு பெறுவது, வசதி வந்ததும் கடனை நினைவில் வைப்பது: தலைமை என்பதன் இலக்கணம் இது.

இந்த அளவுகோலைக் கொண்டு நெய்வேலியைப் பார்ப்போம். ஜம்புலிங்க முதலியார் கொடுத்தது தம் நிலத்தை. ஆனால் சுரங்கம் விரிய விரிய, கொடுக்க எண்ணியிராத பலரின் ஊர்களும் வயல்களும் தேவைப்பட்டன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் முற்றாத நெற்பயிரின் மீது மண்வாரி இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழகமே கண்டு வருந்தியது. நிலம் சட்டப்படி முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். நட்டவரின் கண்ணுக்கோ அது அறுவடைக்குக் காத்திருந்த உணவு. வாலாஜா ஏரியும் நிலக்கரித் துகள் படிந்து தூர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகே தூர்வாரப்பட்டது.

மின்விளக்கின் ஒளியில் நாமும் பங்காளிகள். ஆகவே எவரையும் சுட்டிக் காட்டிவிட்டு நாம் விலகிக்கொள்ள இயலாது. "எல்லோருக்கும் போதுமானது இருக்கிறது" என்று சொல்வது எளிது. யாருடைய பங்கிலிருந்து அந்தப் போதுமை வருகிறது என்று கேட்பதே கடினம். தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பது தாராளம். அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இது சுரங்கத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. கடையை நடத்தும் தந்தை கணக்கைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறாரா? ஜமாஅத் நிர்வாகத்தில் மூத்தவர்கள் இளைஞர்களுக்குப் பொறுப்பை விட்டுத் தருகிறார்களா? பெருநாள் விருந்தைச் சிறப்பாக நடத்தினோம் என்று மகிழ்பவர், அடுப்படியில் நின்றவர்களின் உழைப்பை எண்ணினாரா? பதவி, பாராட்டு, அறிவு ஆகியவற்றைப் பகிர்ந்தால் குறையாது. ஆனால் பிறரின் நிலமும் நேரமும் உழைப்பும் எடுத்தால் குறையும். முதலாவதை அள்ளிக் கொடுப்பவரும் இரண்டாவதை அளந்து பெறுபவருமே நிறைமனம் உள்ள தலைவர்.

பொறுப்பு ஏற்பவர்கள் அனைவருக்கும் அந்த மனத்தை அல்லாஹ் அருள்வானாக.