புனைகதையில் இரு பெண்டிர்: வேடமும் காதலும்

காதல் என்றதும் தலைவன், தலைவி என்னும் இருவரையே நம் அகத்திணை மரபு நினைவூட்டும். காதலர் இருவரும் பெண்டிராயின் கதை என் செய்யும்? பழங்கதைகளும் புதுப் புனைவுகளும் இவ்வினாவிற்குப் பெரும்பாலும் ஒரே விடையைத் தந்துள்ளன: இருவருள் ஒருத்தியை ஆணாக்கிவிடுதல். அவ்விடையின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

மகாபாரதத்து உத்தியோக பருவத்தில் துருபதன் தன் மகளை மகனென வளர்த்து, தசார்ண மன்னன் இரணியவர்மனின் மகளை அவளுக்கு மணமுடிக்கிறான். மணமகள் உண்மையை உணர்கிறாள்; போர் மூளும் நிலை எழுகிறது. கானகத்து இயக்கன் ஒருவன் தன் ஆண்மையை மாற்றித் தந்த பின்னரே அம்மணம் நிலைபெறுகிறது. இருவரும் பெண்ணாகவே வாழும் வழியைக் கதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இயக்கன் மறைந்தான். அவனுடைய இடத்தைப் பெயரும் உடையும் பெற்றன. ராட்கிளிஃப் ஹால் 1928இல் வெளியிட்ட 'தனிமைக் கிணறு' என்னும் ஆங்கில நாவலின் தலைவிக்கு ஸ்டீஃபன் என்று ஆண்பெயர். அவள் இறுதியில் தன் காதலி மேரியை ஓர் ஆடவனிடம் விட்டுக்கொடுக்கிறாள். அந்நூலை அழிக்குமாறு இலண்டன் நீதிமன்றம் அதே ஆண்டில் ஆணையிட்டது. 1981இல் மேடையேறிய விஜய் தெண்டுல்கரின் மராத்தி நாடகத்திலும் மித்ரா என்னும் மாணவி கல்லூரி நாடகத்தில் ஆண் வேடம் ஏற்று, தலைவியாக நடிக்கும் நாமாவைக் காதலிக்கிறாள். அவள் முடிவு தற்கொலை.

இவ்வார்ப்பு இருவருக்கும் தீங்கிழைக்கிறது. ஆணியல்பு பூண்டவள் அழிவுக்கெனவே படைக்கப்படுகிறாள். பெண்ணியல்பு உடையவளின் காதலோ ஆடவன் வரும்வரை நீடிக்கும் மயக்கமாகக் கருதப்படுகிறது.

வேறு வழியும் இருந்தது. இஸ்மத் சுக்தாய் 1942இல் எழுதிய 'லிஹாஃப்' என்னும் உருதுச் சிறுகதையில் கணவனால் புறக்கணிக்கப்பட்ட பேகமும் பணிப்பெண்ணும் வருகின்றனர். அங்கே ஆண் வேடம் எவருக்கும் இல்லை. அவர்களுக்கிடையே நிற்பது ஆண், பெண் என்னும் வேற்றுமையன்று. தலைவி, ஏவலாள் என்னும் வேற்றுமையே. ஆபாசக் குற்றச்சாட்டின்பேரில் இலாகூர் நீதிமன்றம் வரை சென்ற ஆசிரியர் விடுதலை பெற்றார்.

ஜோகூர் வாழ் தமிழர்க்கு வேடம் புதிதன்று. தோட்டப்புறக் கூத்துகளில் ஆடவரே பெண் வேடம் புனைந்தனர், 1935இல் கே. பி. சுந்தராம்பாள் திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார். வேடம் வேறு, உள்ளம் வேறு என்பதை அரங்கில் நாம் எளிதில் ஒப்புக்கொண்டோம். வாழ்வில் ஏனோ மறந்துவிடுகிறோம். இந்நாட்டில் ஆண்தோற்றம் கொண்ட பெண்ணைப் 'பெங்கிட்' என்பர். 2008இல் தேசிய ஃபத்வா மன்றம் அத்தோற்றத்தையும் நடத்தையையும் முஸ்லிம் பெண்டிர்க்கு விலக்கெனத் தீர்ப்பளித்தது. நம் வகுப்பறையிலோ குட்டை முடி வைத்த மாணவிக்குப் பட்டப்பெயர் சூட்ட எந்தத் தீர்ப்பும் தேவைப்படுவதில்லை.

ஆகவே இக்கதைகளைப் பயிற்றும் ஆசிரியர், "இவர்களுள் ஆண் யார்?" என்று வினவுதல் தகாது, "இவ்விருவரும் யார்?" என வினவுதலே தகும். முதல் வினா வேடத்தோடு நின்றுவிடும். இரண்டாவதே மாந்தரைக் காட்டும்.