இடிந்த கல் யாருக்கு?

திருகோணமலைப் பிரடறிக் கோட்டையின் வாயிற்கல்லில் இரட்டைக் கயல் பொறித்திருப்பதை இன்றும் காணலாம். கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர், 1620களில் அதன் கற்களைக் கொண்டே அக்கோட்டையை எழுப்பினர். இடிபாடும் கட்டடப் பொருளே என்பதை ஆதிக்கக்காரர் அன்றே அறிந்திருந்தனர்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இக்கரையைச் சூறாவளி தாக்கியது. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவையும் மூதூரையும் ஆழிப்பேரலை அழித்தது. ஏழைக்கு எஞ்சியவை யாவை? சாய்ந்த தென்னை, உடைந்த ஓடு, சுவர்த்துண்டு. இவற்றைக் குப்பையென அள்ளிக் கொட்டுவதற்குத் துப்புரவு என்று பெயரிட்டிருக்கிறோம்! முற்றிய தென்னையின் புறப்பகுதி உறுதியான கைமரமாகும். நடுவிலுள்ள மென்பகுதி ஆகாது. கொங்கிறீட் துண்டுகளை நொறுக்கிச் சலித்தால் தளத்துக்கு இடும் சல்லி கிடைக்கும். அது நீரை மிகுதியாக உறிஞ்சுமாதலால் சீமெந்துடன் கலக்குமுன் நனைத்தல் வேண்டும். கடலுப்பு ஊறிய துண்டுகளோ கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கம்பி வைத்த தூணுக்கு அவை உதவா.

இவ்வளவும் நம் மேசன்மாரின் அறிவுக்கு எட்டாதவையல்ல. ஆனால் 2004இன் பின்னர் வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டுவதையே அரசு முதலில் தடுத்தது. தடை தளர்ந்தது பிற்பாடுதான். அதுவரை, தன் சுவரின் கற்கள் கடலோரத்தில் கிடக்க, மீனவன் தகரக் கொட்டிலில் காத்திருந்தான்.