நடப்பாருங்களா? தண்டுவட முறிவும் நடக்க வைக்கும் எந்திரமும்

சேலம், நாமக்கல் பக்கம் முதுகெலும்பு உடைவதற்கு வழிகள் நிறைய. லாரி கவிழும். தென்னை ஏறுகிறவருக்குக் கை தவறும். கிணறு வெட்டுகிற இடத்தில் கயிறு அறும். கட்டடச் சாரம் சரியும். விழுகிறவர் பெரும்பாலும் வீட்டில் சம்பாதிக்கிற ஆளாக இருப்பார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வீட்டார் டாக்டரை மறித்துக் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "நடப்பாருங்களா?"

சில வருடங்களாக இந்தக் கேள்விக்குப் பதில் மாதிரி செல்போனில் வீடியோக்கள் சுற்றுகின்றன. ஒருவரை வார்களால் தொங்கவிட்டு, இரண்டு கால்களிலும் சட்டம் மாட்டி, டிரெட்மில் மேல் ஓர் எந்திரம் அவரை நடக்க வைக்கிறது. பார்த்ததும், "காட்டை வித்தாவது அங்க கூட்டிட்டுப் போயிரலாம்" என்று பேச்சு ஆரம்பிக்கிறது.

நான் சாஃப்ட்வேர் ஆள், மருத்துவன் இல்லை. ஆனால் ஒரு எந்திரத்தைப் பார்த்தால், இது எந்தக் கேள்விக்கு விடையாகச் செய்யப்பட்டது என்று தேடிப் போவது பழக்கம். இந்த விஷயத்தில் தேடியபோது தெரிந்தது இதுதான்: வீட்டார் கேட்கிற கேள்வியும் எந்திரம் பதில் சொல்கிற கேள்வியும் ஒன்றல்ல.

முதல் கேள்வி: பிழைப்பாரா?

சுமார் 3,600 வருடங்களுக்கு முந்தைய எகிப்தியப் பாப்பிரஸ் ஏடு ஒன்று இருக்கிறது. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று பெயர். அதில் கழுத்தெலும்பு விலகி, கை கால் உணர்விழந்து, சிறுநீர் தானாகக் கசிகிற ஒருவரைப் பற்றிய குறிப்பு வருகிறது. இவருக்குச் சிகிச்சை செய்வதற்கில்லை என்று முடித்துவிடுகிறார் அந்த மருத்துவர். முதல் உலகப்போர் வரைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள்.

அவர்களைக் கொன்றது முறிவு அல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத நரம்பியல் மருத்துவர். 1944ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும், ஏதாவது ஒரு வேலையிலோ விளையாட்டிலோ இறக்கிவிட வேண்டும். இதில் எந்திரமே இல்லை. ராத்திரியும் பகலும் நர்ஸ்களின் கைகள்தான். 1948ல் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியில் 16 பேர் சக்கர நாற்காலியில் கலந்துகொண்டார்கள். பாராலிம்பிக்ஸின் தொடக்கம் அதுதான்.

இரண்டாவது கேள்வி: என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை தாண்டிக் காட்பாடி. அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. அங்கே இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் சக ஊழியர்களுடன் போன வண்டி விபத்துக்குள்ளாகி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அப்போது 28 வயது.

அதே ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார் பால் பிராண்ட். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் இல்லையா? சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி வர்கீஸ் அறுவை சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். பிறகு நியூயார்க் போய், ஹோவர்ட் ரஸ்க் நிறுவிய மையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966ல் வேலூரில், உள்நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இந்த வகையில் முன்னோடி. 1972ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

தெற்கே ஆய்க்குடியில் இன்னொருவர், எஸ். ராமகிருஷ்ணன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவர். 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981ல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சின்னப் பள்ளியாகத் தொடங்கிய அங்கே, பிற்பாடு தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவும் வந்தது.

இந்த இரண்டு பேருமே மறுபடி பழையபடி நடக்கவில்லை. "நடந்த பிறகுதான் வாழ்க்கை" என்று காத்திருக்கவும் இல்லை.

மூன்றாவது கேள்வி: பூனை எப்படி நடந்தது?

எந்திரத்தின் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. 1911ல் தாமஸ் கிரஹாம் பிரவுன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனையின் கால் தசைகள் நடையின் தாளத்தில் மாறி மாறி இயங்குவதைக் காட்டினார். அதாவது ஒவ்வொரு அடிக்கும் மூளை உத்தரவு போட வேண்டியதில்லை. நடையின் தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது. மெயின் சர்வர் போனாலும் கிளையில் ஓடுகிற புரோகிராம் மாதிரி.

1987ல் மான்ட்ரியலில் பார்போவும் ரொசிஞ்ஞோலும், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளை டிரெட்மில்லில் பழக்கினால் அவை பின்னங்கால்களால் எடையைத் தாங்கி நடக்கும் என்று காட்டினார்கள். தண்டுவடம் பழகிக்கொள்கிறது! அடுத்து மனிதர். 1992ல் ஜெர்மனியின் வெர்னிக் குழு, பகுதி முறிவுள்ளவர்களை வாரில் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்கப் பழக்கி, பலர் முன்னேறியதாக எழுதியது.

ஆனால் இரண்டு பக்கமும் தெரபிஸ்ட்கள் குனிந்து உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவர்கள் இடுப்பு போய்விடும். சூரிச்சில் பால்கிரிஸ்ட் ஆஸ்பத்திரியோடு வேலை செய்த இன்ஜினியர் கெரி கொலம்போ இதற்குத்தான் தீர்வு தேடினார். இடுப்புக்கும் முட்டிக்கும் ஒவ்வொன்றாக, இரண்டு காலுக்கும் நான்கு மோட்டார். 2000 வாக்கில் வெளிவந்த அந்த எந்திரம்தான் லோகோமாட்.

கவனியுங்கள். இது விடை சொன்ன கேள்வி, "தெரபிஸ்ட்டின் உடம்பு நோகாமல், அதிக நேரம், ஒரே மாதிரி அடிகளை எப்படிப் பழக்குவது?" என்பது. "அறுந்த தண்டுவடத்தை எப்படி ஒட்டுவது?" என்பது அல்ல.

மோட்டார் நடக்கிறதா, ஆள் நடக்கிறாரா?

ஆரம்ப கால எந்திரத்தின் கட்டுப்பாடு எளிமையானது. இந்த நொடியில் முட்டி இந்தக் கோணத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மோட்டார் தள்ளும். இன்ஜினியருக்குத் திருப்தியான நடை. ஆனால் உள்ளே இருக்கிறவர் சும்மா தொங்கினாலும் நடை நடக்கும். 2006ல் ஓர் ஆய்வில் ஆக்சிஜன் செலவை அளந்தபோது, தெரபிஸ்ட் உதவியோடு நடக்கையில் ஆகிற உழைப்பைவிட எந்திரத்தில் நடக்கையில் உழைப்பு குறைவு என்று தெரிந்தது. பிறகுதான் தேவையான அளவு மட்டும் உதவுகிற மென்பொருள்கள் வளர்ந்தன.

அதே 2006ல் வட அமெரிக்க மையங்களில் 146 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை முடிவு வந்தது. அடிபட்டு எட்டு வாரத்துக்குள் வந்தவர்கள். பாதிப்பேருக்கு வாரில் தொங்கி டிரெட்மில் நடை, தெரபிஸ்ட் கை உதவியோடு. மீதிப்பேருக்கு அதே அளவு நேரம் தரையில் பயிற்சி. 12 வாரம். கடைசியில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. காலில் கொஞ்சம் அசைவு மீந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இரு குழுவிலும் நடந்தார்கள். 2011ல் மயாமியிலிருந்து வந்த ஆய்வில் ரோபோவும் ஒரு பிரிவாக இருந்தது. நடக்கும் தூரத்தில் அதிகம் முன்னேறியவர்கள், தசைக்கு மின்தூண்டல் கொடுத்துத் தரையில் நடக்கப் பழகியவர்கள்.

அதனால் எந்திரம் வீண் என்று அர்த்தமில்லை. கால் அசைவு மீந்திருப்பவருக்கு, விழுந்துவிடுவோம் என்ற பயமில்லாமல் நிறைய அடிகள் எடுத்துவைக்க அது நல்ல வழி. ஆனால் யாருக்கு என்பதை முடிவு செய்வது எந்திரத்தின் விலையல்ல, முறிவின் தன்மை. டாக்டர் ஆசனவாய்ப் பகுதியில் தொட்டு உணர்வும், இறுக்கும் அசைவும் இருக்கின்றனவா என்று பார்ப்பார். வீட்டாருக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் முழு முறிவா, பகுதி முறிவா என்று பிரிப்பது அந்தச் சோதனைதான்.

முழு முறிவுக்காரருக்கு உடம்பில் மாட்டிக்கொள்ளும் நடைச் சட்டங்கள் இருக்கின்றன. 2014ல் அமெரிக்க அரசு வீட்டு உபயோகத்துக்கு அனுமதித்த ரீவாக் அப்படிப்பட்டது. கழற்றி வைத்தால் நடையும் நின்றுவிடும். அதைக் கண்டுபிடித்த இஸ்ரேல் இன்ஜினியர் அமித் கோஃபர், விபத்தில் கை வலிமையும் இழந்தவர். ஊன்றுகோல் பிடிக்கக் கை வேண்டும் என்பதால், தான் செய்த எந்திரத்தை அவராலேயே பயன்படுத்த முடியவில்லை.

நம்ம பக்கம்

பக்கத்தில் கேரளாவில், பாதாளச் சாக்கடைக்குள் மனிதர் இறங்காமல் இருக்க பேண்டிகூட் ரோபோ செய்த ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம், ஜி-கெய்ட்டர் என்ற நடைப்பயிற்சி ரோபோவையும் செய்திருக்கிறது. திருவனந்தபுரம் அரசு பொது மருத்துவமனையில் அது வந்திருப்பது நல்ல செய்தி. வரிசையில் நின்றால் ஏழைக்கும் கிடைக்கும் என்ற நிலை வருவதுதான் முக்கியம்.

இன்னொரு பக்கம், 2019ல் சென்னை ஐஐடியில் சுஜாதா ஸ்ரீனிவாசன் குழு 'அரைஸ்' என்ற எழுந்து நிற்கும் சக்கர நாற்காலியை வெளியிட்டது. அப்போது விலை 15,000 ரூபாய் அளவில் இருந்தது. மோட்டார் கிடையாது, நடக்க வைக்காது. ஆனால் நிமிர்ந்து நின்று மளிகைக்கடை கல்லாவில் காசு வாங்கலாம்.

காட்டை விற்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். முழு முறிவா, பகுதி முறிவா? நாள்பட்டுப் படுத்ததில் எலும்பு மெலிந்திருக்கிறதா, எந்திரத்தில் ஏற்றினால் தாங்குமா? எத்தனை வாரத்துக்கு ஒருமுறை அளந்து சொல்வீர்கள், முன்னேற்றம் இல்லையென்றால் எப்போது நிறுத்துவீர்கள்? நேர்மையான மையம் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும்.

அதோடு வீட்டில் செய்ய வேண்டிய கணக்கும் உண்டு. வாசலில் ஒரு சரிவு. சக்கர நாற்காலி நுழைகிற அளவுக்குக் கழிப்பறைக் கதவு. நல்ல மெத்தை. சுத்தமான கதீட்டர். உட்கார்ந்து பார்க்கிற ஒரு தொழில். எந்திரத்துக்கு எவ்வளவு ஒதுக்கினாலும், இவற்றுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஒதுக்குங்கள்.